ஒரே கம்ப்யூட்டரில் ஒண்டுக் குடித்தனம்!



ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் என்றால் வாசல் தனி, அடுப்பு தனி. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினும் அப்படித்தான்!

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். அண்ணனின் கடைக் கணக்கு முழுக்க அதில்தான். "டேய், என்ன வேணா படி, விண்டோஸ்ல மட்டும் கை வச்சுடாதே!" என்று சொல்லிவிட்டார். ஆனால் எனக்கோ லினக்ஸ் வேண்டும். கை கொடுத்தது வர்ச்சுவல்பாக்ஸ். 2007-ல் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது; 2008-ல் சன், 2010-ல் ஆரக்கிள் கைக்குப் போனது. காசு கிடையாது. நமக்கு அதுதானே முதல் தகுதி!

விண்டோஸ் வீட்டுக்காரர், உபுண்டு குடியிருப்பவர். உபுண்டுவில் எழுதிய சி புரோகிராமை விண்டோஸுக்குக் கொண்டுவர பென் டிரைவ் எதற்கு? ஷேர்டு ஃபோல்டர் இருக்கிறதே!

முதலில் உபுண்டுவுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவ வேண்டும். பிறகு செட்டிங்ஸில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் போய், விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டி, 'ஆட்டோ மவுண்ட்' டிக் செய்தால் போதும். உபுண்டுவின் மீடியா டைரக்டரியில் அது வந்து நிற்கும். திறந்தால், 'பெர்மிஷன் டினைடு'! பயப்படாதீர்கள். உங்கள் யூசர் பெயரை 'விபாக்ஸ்எஸ்எஃப்' என்ற குரூப்பில் சேருங்கள். லாக் அவுட் செய்து திரும்பி வந்தால் கதவு திறக்கும்.

சரி, எந்த ஃபோல்டரைக் கொடுப்பது? "சி டிரைவையே கொடுத்துடு மச்சி, தேடுற வேலையே இல்ல" என்றான் நண்பன். நான் சம்மதிக்கவில்லை. ஏன் தெரியுமா? விர்ச்சுவல் மெஷினில் எது கெட்டாலும், முன்பே ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஷேர்டு ஃபோல்டருக்கு அந்தச் சலுகை கிடையாது! அது இருப்பது விண்டோஸின் நிஜ டிஸ்க்கில். உபுண்டு டெர்மினலில் ஒரு ஃபைலை அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குக் கூடப் போகாது, போனது போனதுதான். உள்ளே வைரஸ் நுழைந்தாலும் அந்தக் கதவு வழியே வெளியே கை நீட்டும். கடன் வாங்கியவர் கணக்கெல்லாம் போனால் அண்ணன் யாரிடம் போய்க் கேட்பார்?

ஆகவே 'ரெக்கார்டு' என்று காலி ஃபோல்டர் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அதை மட்டும் கொடுத்தேன். படிக்க மட்டுமே தேவையான நோட்ஸ் ஃபோல்டருக்கு 'ரீட் ஒன்லி' டிக்.

நாளை வேலைக்குப் போகும் இடத்தில் சர்வரையே நம்மை நம்பி ஒப்படைப்பார்கள். தேவைக்கு மேல் ஒரு கதவையும் திறக்காத பழக்கத்தை இப்போதே, நம் சின்ன லேப்டாப்பிலேயே ஆரம்பிப்போமே!