படியளப்பவர் கையில் தடி

பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயத்துக்கு அடியில் 1711-இல் தோண்டியபோது சிற்பக் கற்கள் சில வெளிப்பட்டன. ரோமப் பேரரசர் டைபீரியஸ் ஆண்ட காலத்தில், அதாவது கி.பி. 14-க்கும் 37-க்கும் இடையில், பாரிசி இனத்துப் படகோட்டிகள் ஜூபிடருக்கு நிறுத்திய தூணின் துண்டுகள் அவை. ரோமக் கடவுளரோடு அந்த மண்ணின் கவுலியத் தெய்வங்களும் அதில் இடம்பெற்றிருக்கிறார்கள். கொம்பு முளைத்த கெர்னுன்னோஸ் இன்று ஓரளவு புகழ்பெற்றவர். சீறி எழும் பாம்பின் மேல் கை ஓங்கி நிற்கும் தாடிக்காரரைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அவர் பெயரின் பின்பாதி சிதைந்துவிட்டது. மற்ற ஊர்க் கல்வெட்டுகளைக் கொண்டு அறிஞர்கள் அதை ஸ்மெர்ட்ரியோஸ் என்று நிரப்புகிறார்கள்.

கையில் இருப்பது தடி என்று கொண்டு இவரை ஹெர்குலிஸுக்கு ஒப்பிட்டவர்கள் உண்டு. அது தீப்பந்தம் என்பவர்களும் உண்டு. ஜெர்மனியின் டிரியர் நகருக்கு அருகே மோன் என்னும் ஊரில் கிடைத்த கல்வெட்டோ இவரை மார்ஸோடு சேர்த்து அழைக்கிறது. போர்த்தெய்வம் என்று முடிவுகட்ட இவை போதும் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'ஸ்மெர்' என்னும் வேருக்குப் பங்கிடுதல், வேண்டியதை வழங்குதல் என்றே மொழியியலாளர் பலர் பொருள் காண்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால், படியளப்பவர். ஸ்மரணை என்ற சொல்லுக்கு அடியான, நினைத்தலைக் குறிக்கும் சமஸ்கிருத வேரோடு இதை இணைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வழியில் போனாலும் அடியார்களை மறவாதவர் என்ற இடத்துக்கே வருவோம், கொலைத்தொழிலுக்கு அல்ல.

வேர்ச்சொல் அகராதிக்காரர்களின் அக்கறை, கும்பிட்டவர்களுக்கு அது தெரிந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே வேரில் பிறந்த பெயர் கொண்ட இன்னொரு தெய்வம் இருக்கிறாள்: ரொஸ்மெர்ட்டா, பெருங்கொடையாள். மெர்க்குரியின் துணையாக நிற்கும் அவள் கையில் பழம் நிறைந்த வளக்கொம்பையும் பணப்பையையும் சிற்பிகள் கொடுத்திருக்கிறார்கள். சொல்லின் பொருள் மறந்துபோயிருந்தால் உளிக்கு அது எப்படித் தெரிந்தது? மார்ஸ் என்ற பெயரும் தடையாகாது. டிரியரில் லெனுஸ் மார்ஸிடம் மக்கள் போனது நோய் தீரத்தான். கவுலியரிடையே மார்ஸ் காப்பவராகவும் இருந்தார். பாம்பை விரட்டும் கையையும் அப்படித்தான் படிக்க வேண்டும். களஞ்சியத்தைக் காக்காதவர் யாருக்குப் படியளக்க முடியும்?

அந்தத் தூண் இப்போது பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போக நேர்ந்தால், ஓங்கிய கையைப் பார்க்குமுன் உடைந்த அந்தப் பெயரைப் படியுங்கள்.