கிண்டலுக்கு 78 வருஷம் தடா!

மால்டா கார்னிவலுக்கு வயசு கிட்டத்தட்ட 500! தவக்காலத்துக்கு முந்தின அஞ்சு நாளும் தலைநகர் வலெட்டாவில் ராட்சத பொம்மை வண்டி, டான்ஸ்னு செம கலாட்டா. 1565-ல் துருக்கிப் படையை விரட்டின கதையை 'பராட்டா'ங்கிற வாள் நடனமா ஆடுவாங்க. (பரோட்டா இல்லீங்க!)

ஆனா, அரசியல்வாதிகளைக் கிண்டலடிக்க மட்டும் 1935-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் தடை வந்தது. 1964-ல் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்சது, கிண்டலுக்குக் கிடைக்கலை. அதுக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியதாப்போச்சு!

பக்கத்துத் தீவான கோசோவில் நதுர்னு ஒரு ஊர். அங்கே கார்னிவல்னா பழைய துணியைப் போர்த்தி, முகத்தை மூடி, வாயே திறக்காம திரிவாங்க. பேசினா குரல் காட்டிக் கொடுத்துடுமே!

முகமூடி அழகுக்கு மட்டுமில்லை பாஸ்... தைரியத்துக்கும்தான்!