பாய் கொடுத்த சீட்டு

ஹாங்காங் போய் வந்தேன் என்று சொன்னால், டிஸ்னிலேண்ட் பார்த்தீர்களா, மலை மேல் இருக்கும் பெரிய புத்தர் சிலையைப் பார்த்தீர்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டையும் பார்த்தேன். ஆனால் 2018 நவம்பரில் மகள் வீட்டில் தங்கியிருந்த பன்னிரண்டு நாட்களில் என் மனதில் நின்றது, எல்லையைத் தாண்டி ஷென்ஜென் நகரத்தில் கழித்த ஒரே ஒரு பகல்தான்.

அங்கே ஒரு கடைத்தெரு இருக்கிறது. பெயர் ஹ்வாச்சியாங்பெய். 'பெய்' என்றால் வடக்கு. பெய்ஜிங்கில் இருக்கிற அதே பெய். ஹ்வாச்சியாங் சாலையின் வடக்குப் பகுதி என்பதற்கு மேல் அந்தப் பெயரில் விசேஷம் ஒன்றும் இல்லை. என் மனைவி மட்டும் இன்றுவரை அதைப் பேய்ச்சந்தை என்றுதான் சொல்கிறாள். எலக்ட்ரானிக் சாமான்களுக்கு உலகத்திலேயே பெரிய சந்தை அதுதான் என்பார்கள்.

நான் ரிட்டயர்டு குமாஸ்தா. ரெசிஸ்டருக்கும் கண்டென்சருக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கே நான் போனதற்குக் காரணம், எங்கள் நாகமலை புதுக்கோட்டையில் ரேடியோ கடை வைத்திருக்கும் பாய்தான். தேனி ரோட்டை ஒட்டி எட்டுக்குப் பத்து அடியில் ஒரு கடை. முதலில் ரேடியோ, பிறகு டேப் ரிக்கார்டர், பிறகு டி.வி. என்று காலத்துக்கு ஏற்றபடி பார்த்தார். இப்போது அவரிடம் வருவது பெரும்பாலும் மைக் செட் ஆம்ப்ளிஃபயர்தான். மதுரையைச் சுற்றி ஊருக்கு ஒரு மைக் செட்காரர் இருக்கிறார். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை, துக்க வீடு, கட்சிக் கூட்டம் என்று எதுவும் சத்தம் இல்லாமல் நடக்காது. ராத்திரி முழுக்க முழு வால்யூமில் ஓடிய செட் காலையில் ஊமையாகிவிடும். "அவுட்புட் போயிருச்சு பாய்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அவுட்புட் என்று அவர்கள் சொல்வது கட்டைவிரல் அகலத்தில் மூன்று கால் வைத்த கறுப்புச் சில்லு. 5200 ஒன்று, 1943 ஒன்று. இரண்டும் ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஜப்பானின் தோஷிபா கம்பெனி வடிவமைத்தது. தமிழ்நாட்டில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிற யாரிடமும் இந்த இரண்டு நம்பரைச் சொல்லிப் பாருங்கள், கம்பெனிப் பெயரே தேவைப்படாது. உலகத்திலேயே அதிகமாகப் போலி போடப்படுகிற டிரான்சிஸ்டர்களில் இவையும் அடக்கம் என்று பாய் சொன்னபோது நான் நம்பவில்லை. கள்ள நோட்டு அடிக்கிறவன் இருபது ரூபாய் நோட்டு அடிப்பானா? ஆனால் எங்கே வாங்கினாலும் பெட்டிக்குப் பாதி போலியாகத்தான் வருகிறது என்றார். போட்ட அன்று பாடும், மறுநாள் திருவிழாவில் புகையும். செட்காரர் பாயைத்தான் திட்டுவார், சில்லு செய்தவனை அல்ல.

ஹாங்காங் போகிறேன் என்றதும் ஒரு சீட்டில் இரண்டு நம்பரையும் எழுதி, இருபது ஜோடி என்று குறித்துக் கொடுத்தார். கூடவே ஒரு வார்த்தை சொன்னார்: "சார், ஒரிஜினல் இருக்கான்னு கேக்காதீங்க. இருக்குன்னுதான் சொல்வாங்க. எத்தனை தினுசு இருக்குன்னு கேளுங்க."

ஹாங்காங்கிலிருந்து ரயிலில் லோ வு வரை போய், ஒரு மூடிய பாலத்தை நடந்து கடந்தால் சீனா. அங்கிருந்து மெட்ரோவில் ஐந்தாவது நிறுத்தம். சாலைக்கு ஏறி வந்ததும் முதலில் என்னைத் தாக்கியது அமைதி. மதுரைக்காரனுக்கு இவ்வளவு கூட்டம் உள்ள தெருவில் ஹாரன் சத்தம் இல்லாதது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த ஊர் பஸ்கள் அத்தனையும், 16,000-க்கும் மேல், 2017 முடிவதற்குள் பேட்டரிக்கு மாறிவிட்டன. ஹ்வாச்சியாங்பெய் தெருவுக்குள் அந்த பஸ்கூடக் கிடையாது. மெட்ரோ தோண்டுவதற்காக 2013-ல் மூடிய தெருவை 2017 ஜனவரியில் திறந்தபோது நடப்பவர்களுக்கு என்றே விட்டுவிட்டார்கள்.

அமைதி எல்லாம் வெளியேதான். மாப்பிள்ளைக்கு அன்று வேறு ஒருவரோடு பேச்சு இருந்ததால் என்னை சைக் பிளாசா வாசலில் விட்டுவிட்டு மூன்று மணி நேரத்தில் வருகிறேன் என்று போய்விட்டார். உச்சிக் கம்பத்தோடு சேர்த்து 355 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடம். 2021 மே மாதம் நில நடுக்கம் எதுவும் இல்லாமல் தானாக ஆடி, உள்ளே இருந்தவர்கள் ஓடி வந்த படத்தை நீங்கள் டி.வி.யில் பார்த்திருக்கலாம். அதே கட்டடம்தான். உச்சியில் இருந்த கம்பம் காற்றில் அதிர்ந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து அதைக் கழற்றிவிட்டார்கள். அதன் கீழ்ப் பத்து மாடிகள்தான் சந்தை.

உள்ளே கடை என்று எதுவும் இல்லை, மேசைதான். ஒரு கண்ணாடி மேசை, ஓர் ஆள், பின்னால் கூரை வரை அட்டைப்பெட்டி. அடுத்த மேசை, அடுத்த ஆள். மேசைக்கு மேசை ஒரே ஒரு பொருள்தான். ஒருவரிடம் திருகாணி மட்டும். ஒருவரிடம் சிவப்பு, பச்சை விளக்கு மட்டும். ஓர் அம்மாள் சினிமாச் சுருள் மாதிரி வட்டங்களை அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சுருளிலும் ஆயிரக்கணக்கில் கடுகைவிடச் சிறிய சில்லு ஒட்டியிருந்தது. ஒரு குழந்தை மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. பார்சலுக்கு டேப் சுற்றுகிற 'சர்ர்ர்' சத்தம் பத்து மாடியிலும் ஓயவில்லை.

எங்கள் காரைக்கால் பள்ளிக்கூடத்தில் இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த ஐந்து ஊர்களை ராகம் போட்டு ஒப்பிக்கச் சொல்வார்கள். பொந்திஷேரி, கரிக்கால், மாஹே, யனாவோன், ஷாந்தெர்நகோர். அவற்றுக்கு 'கோந்துவார்' என்று பெயர். கோந்துவார் என்றால் வியாபார நிலையம், கடை மேசை என்றும் பொருள். ஒரு நாட்டுக்காரன் இன்னொரு நாட்டுக் கரையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான் என்பதுதான் எங்கள் ஊர் வரலாறு. இந்தச் சீனக்காரர்கள் எங்கும் போகவில்லை. மேசையைத் தங்கள் ஊரிலேயே போட்டுவிட்டு உலகத்தை வரவழைத்துவிட்டார்கள்.

எப்படி வந்தது இந்தச் சந்தை? ஷென்ஜெனைச் சிறப்புப் பொருளாதார மண்டலமாக 1980-ல் அறிவித்தார்கள். இந்தத் தெருப்பக்கம் அப்போது ரேடியோ, டேப் ரிக்கார்டர் செய்கிற தொழிற்சாலைகள் வந்தன. தொழிற்சாலைக்கு உதிரிபாகம் வேண்டும் அல்லவா, அதற்காக 1988-ல் சைக் நிறுவனம் ஒரு சந்தை திறந்தது. பிறகு வாடகை ஏறி, தொழிற்சாலைகள் நகரத்துக்கு வெளியே போயின. காலியான கட்டடங்களில் மேசைகள் வந்து உட்கார்ந்தன. ஆக இது நம் போன்றவர்கள் சாமான் வாங்குகிற இடமே இல்லை. தொழிற்சாலைகள் தங்கள் மாதிரிச் சரக்கை வைத்திருக்கும் இடம். ஒன்று வேண்டும் என்று கேட்பவரைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்வார்கள். பத்தாயிரம் வேண்டும் என்றால் நாளைக்கே வரும்.

நம் ஆட்களுக்கு இந்தப் பக்கத்துச் சரக்கு புதிதல்ல. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் வந்தது. அந்தக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுவர சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் பறந்து பறந்து வந்தவர்களைத்தான் குருவிகள் என்றோம். ஹாங்காங்கில் சுங்கிங் மேன்ஷன்ஸ் என்ற பழைய கட்டடத்துக்குள் நுழைந்தால் இன்றும் தமிழ் காதில் விழும். பிறகு சைனா செட்டு வந்தது. இரண்டு சிம், ஊரைக் கூட்டுகிற ஸ்பீக்கர், பெரிய கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? சீனாவில் அதற்கு 'சான்ச்சாய்' என்று பெயர். மலைக்கோட்டை என்று பொருள், அதாவது அரசாங்கத்துக்கு அடங்காதவர்கள் பதுங்கும் இடம். அதற்கும் இந்தத் தெருதான் தலைநகரம். பதினைந்து இலக்க அடையாள எண் இல்லாத போன்கள் இனி வேலை செய்யாது என்று நம் அரசாங்கம் 2009 நவம்பர் 30-ஆம் தேதியைக் கெடு வைத்தபோது, பாயின் கடை வாசலில் ரேஷன் கடை மாதிரி கூட்டம் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, சீட்டுக்கு வருகிறேன். டிரான்சிஸ்டர் மேசைகளைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு பையன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சீட்டைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டினான். அங்கே எல்லாப் பேரமும் கால்குலேட்டரில்தான். விலை கேட்க பாஷை வேண்டாம், எத்தனை தினுசு என்று கேட்க பாஷை வேண்டுமே. என் ஆங்கிலம் அவனுக்குப் புரியவில்லை. கையை ஆட்டி விளக்கிப் பார்த்தேன். அவன் கால்குலேட்டரில் விலையைக் குறைத்தான்.

அப்போது பக்கத்து மேசையில் நின்ற ஓர் ஆப்பிரிக்கர் செல்போனில் பேசுவது காதில் விழுந்தது. பிரெஞ்சு! முப்பத்தெட்டு வருஷம் மதுரையில் ஃபைல் தள்ளியவனுக்குப் பிரெஞ்சு ஒரு பைசா சம்பாதித்துக் கொடுத்ததில்லை. பிரஞ்சு மீடியத்தில் படித்தவன் என்று பெயரெடுத்ததுதான் மிச்சம். அவர் பேசி முடித்ததும் "போன்ழூர் மொஸ்யே" என்றேன். திரும்பிப் பார்த்து, வேட்டி கட்டாத குறையாக நிற்கும் கிழவன் வாயிலிருந்தா இது வந்தது என்று ஒரு கணம் திகைத்தார். கினியா நாட்டுக்காரர். கொனாக்ரியில் செல்போன் உதிரிபாகக் கடை. வருஷத்துக்கு மூன்று முறை வருகிறார். சீனம் சரளமாகப் பேசினார். என்னை 'தொந்தோன்' என்று கூப்பிட்டார். அங்கே பெரியவர்களைக் கூப்பிடுகிற முறை அது, நம் பெரியப்பா மாதிரி. அவர்கள் நாட்டுக் குருவி என்று எனக்குத் தோன்றியது.

பாய் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இந்தக் கேள்வியை அனுப்பியவர் வியாபாரி இல்லை, மெக்கானிக்" என்றார். பிறகு பையனிடம் சீனத்தில் கேட்டார். பையன் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தான். முகமே மாறிவிட்டது. முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். மூன்று டப்பாவை எடுத்து மேசையில் வைத்தான்.

முதல் டப்பாவில் இருந்தது கம்பெனி ஏஜெண்டிடமிருந்து வந்த புதுச் சரக்கு, 14 யுவான். இரண்டாவது, பழைய மெஷின்களிலிருந்து கழற்றி எடுத்தது. கால் குட்டையாக, ஈயம் ஒட்டியிருந்தது. அசல்தான், ஆனால் உழைத்த சரக்கு, 6 யுவான். மூன்றாவது இங்கேயே செய்து மேலே அந்த நம்பர் அச்சடித்தது, 2 யுவான். அப்போது யுவானைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நம் ரூபாய். முதலில் கால்குலேட்டரில் அவன் எனக்குக் காட்டியது 5. குறைத்தது 3. அதாவது மூன்றாவது டப்பா.

அவன் என்னிடம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் நம்பரைக் காட்டினேன், அந்த நம்பர் போட்ட சரக்கைக் கொடுக்க வந்தான். கேட்டதும் மூன்றையும் பிரித்து உண்மையைச் சொல்லிவிட்டான். அரசாங்க அலுவலகத்திலும் இப்படித்தானே? சரியான விதியின் நம்பரைச் சொல்லிக் கேட்பவருக்குக் காகிதம் உடனே கிடைக்கும். மற்றவர் அலைவார்.

புதியது இரண்டு ஜோடி, கழற்றியது இருபது ஜோடி வாங்கினேன். மூன்றாவது டப்பாவிலிருந்து ஒரு ஜோடியைப் பையனே இலவசமாகப் போட்டான். கினியாக்காரரிடம் காபி சாப்பிடலாமா என்று கேட்டேன். நேரமில்லை தொந்தோன், கூரியர் ஐந்து மணிக்கு மூடிவிடுவான் என்று சொல்லி, தோளில் ஒரு மூட்டையோடு கூட்டத்தில் மறைந்தார்.

ஊருக்கு வந்து டப்பாவைக் கொடுத்ததும் பாய் முதலில் எடுத்தது அந்த இலவச ஜோடியைத்தான். கட்டிங் பிளேயரால் ஒன்றை உடைத்தார். உள்ளே கடுகளவு சிலிக்கான். பிறகு தன் பழைய டப்பாவில் கிடந்த செத்துப்போன அசல் ஒன்றை உடைத்துக் காட்டினார். துவரம் பருப்பு அளவு. "சூடு தாங்குறது இந்தப் பருப்புதான் சார், மேல இருக்கற எழுத்து இல்ல" என்றார். மிச்சமிருந்த கடுகைத் தூக்கி எறியவில்லை. வீட்டு ரேடியோவுக்கு இது தாராளம் என்று தனியாக எடுத்து வைத்தார். கழற்றிய நாற்பதையும் மீட்டரில் பார்த்தார். மூன்று பழுது.

பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். கழற்றியதை ஹாட் ஏரில் கழற்றுகிறார்களா, சட்டியில் வறுத்து உதிர்க்கிறார்களா? மீட்டர் மேசையிலேயே இருந்ததா? பழைய வால்வு விற்பவர்கள் உண்டா? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பத்து மாடியை மூன்று மணி நேரம் சுற்றியவன் நான், அந்த இடத்தை முப்பத்தைந்து வருஷமாகத் தெரிந்தவர் மாதிரி பேசியவர் அவர். பாயிடம் பாஸ்போர்ட் கிடையாது. மகன் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

2020-லும் 2021-லும் சித்திரைத் திருவிழா வழக்கம்போல நடக்கவில்லை. மைக் செட்டெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. பாயும் பாதி நாள் கடை திறக்கவில்லை. 2022 ஏப்ரலில் அழகர் ஜனங்களோடு ஆற்றில் இறங்கியபோது, இரண்டு வருஷம் சும்மா கிடந்த செட்டுகள் வரிசையாகப் புகைந்து அவர் கடைக்கு வந்தன. ஷென்ஜென் டப்பாவில் மிச்சமிருந்த ஏழு ஜோடியும் அந்த ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது. புதியது இரண்டு ஜோடியை மட்டும் அவர் இன்னும் பிரிக்கவில்லை.