எரிமலை இல்ல பாஸ்... ஒரு சாண் மண்ணு!

ஆரணின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பட்டுப்புடவை. அதை விட்டா, களம்பூர் பொன்னி அரிசி. ரெண்டுமே சூப்பர் மேட்டர்தான். ஆனா, இந்த வாரம் நாம பார்க்கப்போறது எந்தக் கடையிலயும் கிடைக்காத ஐட்டம்... மண்ணு! 'மண்ணைப் பார்க்க டூரா?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. பஸ் டிக்கெட் தவிர செலவே இல்லாத ட்ரிப் இது.

வேலூர்லேர்ந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ட்ரெயின்ல வர்றவங்க மட்டும் உஷார்... 'ஆரணி ரோடு' ஸ்டேஷன் ஆரணியில இல்ல, களம்பூர்ல இருக்கு! அங்கேர்ந்து மறுபடி பஸ் பிடிக்கணும்.

ஊருக்குள்ள வந்தாச்சா? தறிச் சத்தம் கேட்கிற தெருவுக்குள்ள நுழையுங்க. பழைய குழித்தறி இருக்கிற வீடு ஏதாவது கண்ணுல பட்டா, அனுமதி கேட்டு எட்டிப் பாருங்க. நெசவாளர் தரை மட்டத்துல உட்கார்ந்து, காலைக் குழிக்குள்ள விட்டு மிதிகட்டையை மிதிச்சுக்கிட்டு இருப்பார். முழங்கால் இறங்குற அளவுக்குக் குழி. கமண்டல நாகநதிக் கரையில இருக்கிற ஊர் இது. ஜவ்வாது மலையில பிறந்து வர்ற ஆறு கரையில சேர்த்து வெச்ச மண்ணு ஆழமா இருக்கு. அதனால குழி தோண்டுறதுக்கு யாரும் யோசிக்க வேண்டியதில்ல.

இப்போ அங்கேர்ந்து போளூர் பக்கமா கிளம்புங்க. வழியில திருமலைன்னு ஒரு ஊர். பாறை மேல 16 மீட்டர் உயரத்துல நேமிநாதர் நிற்கிறார். தமிழ்நாட்டுலயே பெரிய ஜைனச் சிலை இதுதான். ராஜேந்திர சோழனோட வெற்றிகளைப் பட்டியல் போடுற கல்வெட்டும் இதே மலையிலதான் இருக்கு. எல்லாம் பார்த்து முடிச்சுட்டு, திரும்பி வர்ற வழியில சின்னச் சின்ன கரடு, மேடு எல்லாம் வரும். அங்கே ரோட்டுக்காக வெட்டிவிட்ட ஓரத்தைக் கவனிங்க. அதுதான் நம்ம மெயின் பிக்சர்!

மேல, கல்லு கலந்த செம்மண்ணு. கையை வெச்சுப் பார்த்தா சில இடத்துல ஒரு சாண்தான். அதுக்குக் கீழே பொடிஞ்ச மொரம்பு. அதுக்கும் கீழே பாறை. அவ்வளவுதான். 25 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா 'ரொம்ப ஆழம் குறைஞ்ச மண்', 25லேர்ந்து 50 வரைக்கும் 'ஆழம் குறைஞ்ச மண்'னு மண் ஆய்வாளர்கள் பிரிக்கிறாங்க. அதாவது, குழித்தறிக்குக் குழி தோண்டக்கூட இங்கே இடம் கிடையாது.

இந்தப் பக்கம் வர்ற எல்லாருக்கும் ஒரு டவுட் வரும். 'பக்கத்துல திருவண்ணாமலை இருக்கே... அது ஒரு காலத்துல எரிமலையாமே? அப்போ இது எரிமலை மண்ணா?' அக்னி ஸ்தலம்ங்கிறது நம்பிக்கை, அது அப்படியே இருக்கட்டும். பாறை சொல்ற கதை வேற. இந்த வட்டாரத்துல இருக்கிறது நைஸ், சார்னோகைட் மாதிரியான பாறைகள். பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல, பயங்கர சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறினவை. வயசு? சுமார் 250 கோடி வருஷம்! சார்னோகைட் பேருக்குப் பின்னாடி ஒரு கதையும் உண்டு. கொல்கத்தாவுல ஜாப் சார்னாக்கோட கல்லறையில இருக்கிற கல், நம்ம சென்னை பரங்கிமலை - பல்லாவரம் பக்கத்துக் கல். அதை ஆராய்ஞ்ச தாமஸ் ஹாலந்து, 1893-ல அந்தப் பாறைக்கு அவர் பேரையே வெச்சுட்டார்.

எரிமலைக் குழம்புக்குச் சொந்தக்காரன் ஒருத்தனும் இங்கே இருக்கான். டோலரைட்! பாறை விரிசல் வழியா மேலே ஏறின குழம்பு, வெளியே கொட்டாம உள்ளேயே உறைஞ்சு சுவர் மாதிரி நிற்குது. வியாபாரத்துல 'பிளாக் கிரானைட்'னு சொல்றாங்களே... அதுல நிறைய இந்த டோலரைட்தான். திருவண்ணாமலை மாவட்டத்துல இந்தக் கறுப்புச் சுவர்கள் நிறையவே உண்டு.

நிஜமான எரிமலை மண் பார்க்கணும்னா மகாராஷ்டிரா போகணும். சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்கே பாய்ஞ்ச எரிமலைக் குழம்பு, இன்னிக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக்கிட்டு இருக்கு. அந்த பசால்ட் பாறை உதிர்ந்து வந்ததுதான் கரிசல். சுண்ணாம்பு, மக்னீசியம்னு சத்து ஜாஸ்தி. களிமண்ணும் ஜாஸ்தி, அதனால தண்ணியை நல்லா பிடிச்சு வெச்சுக்கும். பள்ளத்துல அந்த மண்ணு ஆழமா இருக்கும், பருத்தி விளையும். ஆனா, மேட்டுச் சரிவுல? அங்கேயும் நம்ம கரடு மாதிரி ஒரு சாண்தான். அதனால அங்கேயும் புல்லும் ஆடும்தான். பாறை எவ்வளவு பணக்காரனா இருந்தாலும், மண்ணோட தலையெழுத்தை எழுதுறது ஆழம்தான்!

நம்பலையா? ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒரு மீட்டர் ஆழமுள்ள சாதாரண செம்மண், செடிக்குக் கொடுக்கிற மாதிரி சுமார் 120 மில்லிமீட்டர் தண்ணியைச் சேமிச்சு வைக்கும். நம்ம கரட்டுல இருக்கிறது ஒரு சாண். அதுலயும் மூணுல ஒரு பங்கு கல்லுன்னா, மிச்சம் 20 மில்லிமீட்டர்கூட தேறாது. சதுர மீட்டருக்கு 20 லிட்டர்... ஹாஸ்டல்ல வாங்குற ஒரே ஒரு வாட்டர் கேன்! அதே ஒரு சாண் கரிசலா இருந்தா, மிஞ்சிப்போனா இன்னொரு கேன் சேரும். கோடை வெயில் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டரை உறிஞ்சிடும். நாலு நாள்ல கேன் காலி. இந்த மாவட்டத்துல வருஷத்துக்கு 1000 மில்லிமீட்டர் மழை பெய்யுது. ஆனாலும் கரடு காய்ஞ்சே கிடக்கிறதுக்கு இதுதான் காரணம். பெய்யுறது குறைவில்ல, பிடிச்சு வைக்கிற பாத்திரம்தான் சின்னது.

அந்தச் சின்னப் பாத்திரத்துலதான் ஆவாரை, விராலி, சூரை முள்ளு, கொழுக்கட்டைப் புல்லு, உங்க பேன்ட்ல குத்துற ஊசிப்புல்லு எல்லாம் வாழுது. மழை வந்ததும் சடசடன்னு முளைச்சு, விதை விட்டுட்டு, வெயில்ல காய்ஞ்சு காத்திருக்கும். ஆடு மேய்க்கிற பெரியவர்கிட்ட 'ஐயா, எந்த மேட்டுல என்ன புல்லு வரும்?'னு கேட்டுப் பாருங்க. நமக்கு செமஸ்டர் முழுக்க ஓடுற பாடத்தை அரை மணி நேரத்துல முடிச்சுடுவார்.

ஆனா, பேப்பர்ல இதுக்கு என்ன பேர் தெரியுமா? ரெவின்யூ ரெக்கார்டுல 'மேய்க்கால் புறம்போக்கு', 'கல்லாங்குத்து', 'தரிசு'. மத்திய நிலவளத் துறையும் இஸ்ரோவோட தேசிய தொலையுணர்வு மையமும் சேர்ந்து 2019-ல வெளியிட்ட அட்லஸ்ல, புதர்க்காடு எல்லாம் 'வேஸ்ட்லேண்ட்' கணக்குல வருது. என்னை மாதிரி இன்ஜினீயரிங் படிக்கிறவங்களுக்கும் இதே பாடம்தான்... மேல்மண்ணைச் சுரண்டி ஒதுக்கிட்டுத்தான் கட்டடத்துக்கு அஸ்திவாரமே போடச் சொல்வாங்க. 'வேஸ்ட்'னு பேர் வெச்சாச்சுன்னா, லாரி வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொரு கணக்கு. ஒரு டிப்பர் லாரி கிராவல் சுமார் 10 கன மீட்டர்னு வெச்சுக்குங்க. கால் மீட்டர் ஆழத்துக்குச் சுரண்டினா, ஒரு லோடுக்கு 40 சதுர மீட்டர் நிலம் மொட்டை. சின்னதா ஒரு பெட்ரூம் வீடு அளவு! ஒரு சென்டிமீட்டர் மண்ணு உருவாக நூறு வருஷம்னு ரொம்பத் தாராளமா வெச்சுக்கிட்டாலும், அந்தக் கால் மீட்டர் திரும்பி வர 2,500 வருஷம் ஆகும். திருமலையில நிற்கிற நேமிநாதருக்கே அவ்வளவு வயசு ஆகல!

மண்ணு போனா புல்லு போச்சு, ஆடு போச்சு. அதோட முடியாது. கரட்டுல விழுற மழை, புல்லு வேர் வழியா மெதுவா இறங்கி, பாறை விரிசலுக்குள்ள போய்த்தான் கீழே இருக்கிற கிணத்துக்கு ஊறுது. மொட்டைப் பாறையில விழுற மழை அப்படியே ஓடிடும். போற வழியில மிச்ச மண்ணையும் அள்ளிட்டுப் போய் ஏரியில கொட்டும். மேலே ஒரு சாண் குறைஞ்சா, கீழே ஏரியும் மேடாகும், கிணறும் வத்தும்.

மரம் நட்டா சரியாயிடுமேங்கிறீங்களா? அங்கேதான் நம்ம என்.எஸ்.எஸ். கேம்ப் மேட்டர் வருது. ஒரு சாண் மண்ணுல கடப்பாரை போட்டுப் பாறையைக் குடைஞ்சு கன்னு நட்டா, அது தொட்டியில வெச்ச செடி மாதிரிதான். மழையில தண்ணி தேங்கி வேர் அழுகும். வெயில்ல வேர் இறங்க வழியில்லாம காயும். போட்டோ மட்டும்தான் மிச்சம்! கன்னு எல்லாம் ஏரிக்கரைக்கும் ஆழமான மண்ணுக்கும் போகட்டும். கரட்டுக்கு வேண்டியது வேற... சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு, ஆவாரை, புல் விதை, கொஞ்ச மாசம் மேய்ச்சலுக்கு ஓய்வு.

ஸோ... அடுத்த கேம்ப்ல உங்க கையில மண்வெட்டியைக் கொடுக்கிறப்போ, 'எத்தனை கன்னு?'னு கேட்காதீங்க. 'இங்கே மண்ணு எத்தனை சாண்?'னு கேளுங்க. ஒண்ணுன்னு பதில் வந்தா, தைரியமா மண்வெட்டியைக் கீழே வைங்க!