மாடியின் எடை

தளம் போடும் நாள் அது. மதுரை திருநகரில் ஒரு குறுக்குத் தெருவில், காலை ஏழு மணிக்குக் கலவை மெஷினும் லிஃப்டும் வந்து நின்றன. மேலே கம்பி கட்டுபவர் ஒருவர் மண்டியிட்டபடி கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் மிதித்து நடந்ததில் நழுவிப்போன கவர் பிளாக்குகளை ஒவ்வொன்றாக மீண்டும் கம்பிக்கடியில் செருகினார். தளத்தின் கம்பிக்கும் அடிப்பலகைக்கும் இடையே 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அது குறைந்தால் சில மழைக்காலங்களிலேயே கம்பி துருவேறி, கீழ்ப்பூச்சு பெயர்ந்து விழத் தொடங்கும்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இருபது வருடத்துக்கு முன் கட்டிய எட்டுச் சதுர வீட்டின் மேல், மகன் குடும்பத்துக்காக மாடி எடுக்கிறார். மேஸ்திரி முதலில் போட்டுக் கொடுத்த கணக்கு எளிமையானது. சதுர அடிக்கு 2,200 ரூபாய். 800 சதுர அடிக்கு 17 லட்சத்து 60 ஆயிரம். பல குடும்பங்கள் இந்த ஒற்றைப் பெருக்கலோடு வங்கிக்குப் போய்விடுகின்றன. ஆசிரியர் அழைத்துவந்த பொறியாளர், மொட்டைமாடிக்கு ஏறும் முன் தூண் ஓரமாகக் குழி தோண்டச் சொல்லிவிட்டார். பழைய வரைபடம் வீட்டில் இல்லை. அடியில் ஃபூட்டிங் எவ்வளவு அகலம், என்ன மண் என்று கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

அவர் கணக்கை எடையில் போட்டார். ஐந்து அங்குலத் தளம் 800 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒன்பதரை கன மீட்டர் கான்கிரீட். ஒரு கன மீட்டர் இரண்டரை டன். ஆக, தளம் மட்டுமே 23 டன்னைத் தாண்டுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரம் எழுந்தால், ஓடும் அடிக்குச் சுமார் 400 கிலோ. இத்தனையையும் இருபது வருடமாக ஒரு தளத்தைத் தாங்கி நிற்கும் அதே மண்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தூண் இல்லாமல் சுவரே சுமக்கும் வீடாக இருந்தால் இன்னும் கவலை. மரச்சட்டத்தின் மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால், தான் வேலையையே ஏற்பதில்லை என்றார் மேஸ்திரி.

தமிழ்நாட்டு மொட்டைமாடிகளில் தூணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைப் பார்க்காதவர் இல்லை. என்றாவது மாடி எடுப்போம் என்று விட்டுவைத்தவை. இந்த வீட்டிலும் இருந்தன. இருபது மழை அவற்றைத் தின்றிருந்தது. புதுக் கம்பியைப் பழையதோடு சேர்த்துக் கட்ட, கம்பியின் குறுக்களவைப்போல் ஐம்பது மடங்கு நீளமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்பது வேலையிடத்தில் பின்பற்றும் கணக்கு. 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 80 சென்டிமீட்டர். நல்ல கம்பி தென்படும்வரை தூண் தலையைக் கொத்தி எடுத்தார்கள். கைப்பிடிச்சுவரை இடித்ததும், தட்டோட்டைப் பெயர்த்ததும், அந்த இடிபாட்டைக் கீழே இறக்கி வண்டியேற்றியதும் தனிக் கூலி. தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றியதும் அப்படியே. சதுர அடிக் கணக்கில் இவற்றில் எதற்கும் இடம் இல்லை.

சுமையைக் குறைக்கச் சுவர்களுக்கு ஏஏசி பிளாக் என்று முடிவானது. ஒரே அளவில் செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அது. வெளிச்சுவருக்கு மட்டும் சுமார் 9,000 செங்கல் தேவைப்பட்டிருக்கும். கல்லுக்கு மூன்று கிலோ என்றாலும் 27 டன். அதில் பெரும்பகுதி தலைச்சுமையாகத்தான் மேலே போயிருக்கும். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே ஒரு சித்தாள் அக்கா சொன்னார்: “பாக்கப் பெருசா இருக்கும் தம்பி, ஆனா செங்கல்லு மாதிரி கழுத்தைப் புடிக்காது.” பொறியாளர் அஸ்திவாரத்துக்காக எடுத்த முடிவு அவர் கழுத்துக்கும் நல்லதாக அமைந்தது.

கலவை ஓடத் தொடங்கியபின் பேச நேரமில்லை. ஒன்று, ஒன்றரை, மூன்று என்ற விகிதத்தில் சிமென்ட், எம்-சாண்ட், முக்கால் ஜல்லி. கன மீட்டருக்கு எட்டு மூட்டை வீதம் 76 மூட்டை சிமென்ட் அன்று தளத்துக்குள் போக வேண்டும். மெஷின் வாயில் ஜல்லி கொட்டும் பெண்களுக்கு விகிதம் கையிலேயே இருக்கிறது. கலவை தளர்ந்து வந்தால் மூத்த சித்தாள் அங்கிருந்தே குரல் கொடுக்கிறார்: “தண்ணியக் கொறைங்கண்ணே! கொட்ட லேசா இருக்கும், பலம் போயிரும்.” மெஷின்காரர் மறுபேச்சின்றிக் குழாயை மூடுகிறார்.

அங்கே கொத்தனாருக்கு அன்றைய கூலி 1,100 ரூபாய், அந்த மூத்த சித்தாளுக்கு 650. பதினெட்டு வயதில் இந்த வேலைக்கு வந்தவர், நாற்பதைத் தாண்டியும் சித்தாளாகவே இருக்கிறார். அவருக்குப் பின் வந்த பையன்கள் கரணை பிடித்துக் கொத்தனாராகிவிட்டார்கள். கலவையின் பதம் தெரிந்தவர் கையில் கரணையைக் கொடுக்காத வழக்கத்துக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கட்டட அனுமதி வாங்கும்போது கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைத் தொழிலாளர் நல நிதியாக ஆசிரியர் கட்டியிருக்கிறார். 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்துக்குப் போகும் பணம் அது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்து நிவாரணம், அறுபதுக்குப்பின் ஓய்வூதியம் எல்லாம் அதிலிருந்துதான். அந்த அக்காவுக்கு வாரிய அட்டை இருக்கிறது; உடன் வந்த இரண்டு பெண்கள் இன்னும் பதிவு செய்யவில்லை. மாடி எடுக்கும் வீட்டுக்காரர் தன் வேலையிடத்தில் யாருக்கெல்லாம் அட்டை இருக்கிறது என்று ஒரு தடவை கேட்கலாம். அவருக்குச் செலவில்லாத காரியம்.

மூன்றரை மணிக்குத் தளம் முடிந்தது. வழக்கப்படி எல்லோருக்கும் பிரியாணி. அதுவும் பட்ஜெட்டில் உண்டு. மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். பிபிசி சிமென்ட் என்பதால் பத்து நாளாவது ஈரம் காயக்கூடாது. சிறிய அறைகளின் தளத்துக்கு ஏழு நாளில் முட்டுகளைப் பிரிக்கலாம், உத்தரங்களுக்குப் பதினான்கு நாள் என்று இந்தியத் தரக்குறியீடு சொல்கிறது. இந்த மேஸ்திரி இருபத்தொரு நாளுக்கு முன் கைவைப்பதில்லை. அதுவரை ஷீட்டுக்கும் ஜாக்கிக்கும் வாடகை ஓடும்.

2025 செப்டம்பரில் சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதில் கொஞ்சம் மிச்சமானது. முகப்பு அலங்காரத்தையும் ஃபால்ஸ் சீலிங்கையும் ஆசிரியர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். இனி வெளிப்படிக்கட்டு. கான்கிரீட் என்றால் அதற்கெனத் தனி ஃபூட்டிங் தோண்ட வேண்டும். இரும்பு என்றால் எடை குறைவு, ஆனால் ஆண்டுதோறும் பெயிண்ட் அடிக்க வேண்டும். “வயசான காலத்துல நீங்க ஏறி இறங்கணும் சார், காங்கிரீட்டே போட்டுருவோம்” என்கிறார் மேஸ்திரி. குழிக்கு எவ்வளவு ஆகும் என்று ஆசிரியர் நோட்டைத் திறக்கிறார்.