குன்றுக்குள் இராயப்பர்

ஜூன் 28, வெள்ளி

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 850 கிலோமீட்டர். ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலையில் கூபர் பீடியில் இறங்கினேன். இங்கே இப்போது குளிர்காலம், பல் தந்தியடிக்கிறது. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் பாலைவனம் என்று யாராவது இப்போது சொன்னால் அடிக்கப் போவேன்.

ஊரின் முதல் மரம் என்று குன்றின்மேல் ஒன்றைக் காட்டினார்கள். பழைய இரும்பை வெல்டிங் செய்து நிறுத்தியது! மரமே இல்லாத ஊரில் வீடு கட்ட உத்தரத்துக்கு எங்கே போவது? தொலைவிலிருந்து ஏற்றிவந்து சுவர் எழுப்புவதைவிட மலையைக் குடைவது மலிவு. 1915-இல் தகப்பனோடு தங்கம் தேடி வந்த 14 வயது வில்லி ஹட்சிசன் கண்ணில் ஓபல் என்ற ரத்தினக்கல் பட்டது. அதைத் தோண்டப் பின்னாலேயே முதல் உலகப்போரில் பதுங்குகுழி வெட்டிக் கை பழகிய சிப்பாய்கள் வந்தார்கள். வெயிலுக்குத் தப்பிக் குன்றுக்குள்ளேயே வீடு குடைந்துகொண்டார்கள். ஊர்ப்பெயரும் பூர்வகுடிகளின் சொல்லிலிருந்து வந்ததுதான். 'வெள்ளைக்காரன் பொந்து' என்று அர்த்தம் சொல்கிறார்கள். கிண்டலாகச் சொன்னார்களோ என்னவோ, நமக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 29, சனி

இன்று இராயப்பர் சின்னப்பர் திருவிழா. நாள் பார்த்துத்தான் வந்தேன். இந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயில் அவர்கள் இருவர் பேரில் 1967-இல் உண்டானது. ஊரில் பூமிக்கடியில் அமைந்த முதல் கோயில் இதுதான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இத்தாலி, கிரேக்கம், யுகோஸ்லாவியா என்று பல தேசத்து ஆட்கள் ஓபலுக்காக வந்து குவிந்திருந்த காலம் அது. ஓபல் கிடைத்தவன் ஒரே நாளில் பணக்காரன், கிடைக்காதவன் அடுத்த குழிக்குப் போவான். அப்படிப்பட்ட ஊரில், நாளைக்கும் இருப்போம் என்று நம்பிக் கோயில் வைத்தது பெரிய துணிச்சல்.

காலையில் போனபோது உள்ளே யாருமில்லை. வாசலைத் தாண்டியதும் குளிர் விட்டுப்போனது. வெளியே கோடையோ குளிரோ, குடைந்த இடத்தில் எப்போதும் 23, 24 டிகிரிதான். சுவரில் கை வைத்துப் பார்த்தேன். மணற்கல்லில் இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் வரிவரியாக ஓடுகின்றன, வெட்டுத்தடம் சொரசொரவென்று விரலில் தட்டுகிறது. பூச்சு இல்லை, தூண் இல்லை. நம் ஊரில் கோயில் கட்டுவதென்றால் கல்லைக் கொண்டுவந்து அடுக்குவோம். இங்கே கல்லை வாரி வெளியே கொட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுரங்கக்காரனுக்குத் தெரிந்த ஒரே வேலை!

சின்ன வயதில் உபதேசியார் சொன்னது ஞாபகம் வந்தது. கிரேக்கத்தில் பேதுரு என்றால் பாறை, தெலுங்கில் 'ராயி' என்றால் கல், அதனால்தான் நமக்கு அவர் இராயப்பர். லத்தீனில் பவுல் என்றால் சிறியவர், அவர் சின்னப்பர். பாறையின்மேல் திருச்சபை என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்தேன். பாறைக்குள்ளே உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

அம்மா போனில் கேட்டாள், "மணிக்கூண்டு எவ்வளவு உசரம்டா?"

"கோயிலே மண்ணுக்குள்ளதான்மா."

"மழை பேஞ்சா?"

இங்கே மழையா என்று சிரித்துவிட்டு, வெளியே வந்து படம் எடுத்து அனுப்பினேன். ஒரு குன்று, அதில் ஒரு கதவு. கோயில் எங்கே என்று திரும்பக் கேட்டிருக்கிறாள்.

ஜூன் 30, ஞாயிறு

செர்பிய ஆர்த்தடாக்ஸ்காரர்களின் எலியாஸ் கோயிலையும் பார்த்தேன். நேற்றைய கோயிலைவிடப் பெரியது, கூரையும் உயரம். 1993-இல் அமைத்தார்களாம். அதுவும் மண்ணுக்குள்தான்.