சோல் குட்மேனும் எங்க கோயில் அஞ்சாம் நாள் உபயமும்

வழக்கமா இந்தப் பக்கத்துல அன்னதானக் கணக்கு, பந்தக்கால் நடுற நேரம், காய்கறி கொடுத்து உதவினவங்க பேரு, இவ்வளவுதான் எழுதுவேன். இன்னைக்கு ஒரு அமெரிக்கத் தொடரைப் பத்தி எழுதுறேன். நீளமான பதிவு. கதையோட முடிவைச் சொல்லாம எழுத முடியாது, அதனால பார்க்கணும்னு வச்சிருக்கிறவங்க பார்த்துட்டு வந்து படிங்க. கோயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க, வருது.

தொடரோட பேரு 'பெட்டர் கால் சோல்'. 2015-ல தொடங்கி 2022 ஆகஸ்ட் 15-ல முடிஞ்சது. 6 சீசன், 63 எபிசோடு, அதுல கடைசி சீசன் மட்டும் 13. நான் நெட்ஃபிளிக்ஸ்ல பார்த்தேன். மழை நாள்ல எங்க தோட்டத்துல லைன் போய்ப் போய் வரும். ஒரு எபிசோடை ரெண்டு ராத்திரியா பார்த்த கதையும் உண்டு.

ஜிம்மி மெக்கில்னு ஒரு சின்ன வக்கீல். சின்ன வயசுலேர்ந்தே ஏமாத்துறதுல கில்லாடி. வயசானவங்களுக்கு உயில் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன், பிறகு சோல் குட்மேன்னு பேரை மாத்திக்கிட்டு குற்றவாளிகளுக்கு வக்கீலா ஆயிடுறான். அவன் பொய் சொல்ற அழகைப் பார்த்தா சிரிப்பு வரும். எந்தப் பக்கம் நிக்கிறோம்னே நமக்கு மறந்துடும். எச். வினோத் எடுத்த 'சதுரங்க வேட்டை' (2014) பார்த்தப்பவும் இப்படித்தான். மண்ணுளிப் பாம்பு, எம்எல்எம், ரைஸ் புல்லிங்னு காந்தி பாபு ஒவ்வொண்ணா எடுத்து விட, தியேட்டர்ல கைதட்டல். கலசத்துல இரிடியம் இருக்குன்னு சொல்லித் திரியிற கூட்டம் நிஜமாவே இருக்கு. கோயில் வேலை செய்யிறவங்களுக்கு அது சிரிக்கிற சமாசாரம் இல்ல. அது வேற கதை.

சோல் தொடர்ல எனக்கு முதல்ல உறுத்தினது 3-வது சீசன்ல வர்ற ஐரீன் பாட்டி. முதியோர் இல்லம் ஒண்ணு அதிகமாக் காசு பிடுங்கின வழக்குல மத்த எல்லாருக்கும் சேர்த்து அந்தப் பாட்டிதான் பிரதிநிதி. சீக்கிரம் சமரசம் ஆனா ஜிம்மிக்குப் பெரிய தொகை வரும். பாட்டியோ, அவங்க வக்கீலுங்க சொன்னபடி காத்திருக்காங்க. ஜிம்மி என்ன பண்றான்? பாட்டி பணத்தாசையிலதான் வழக்கை இழுக்கிறாங்கன்னு அவங்க தோழிங்க மனசுல விதைக்கிறான். பிங்கோ விளையாட்டுல தில்லுமுல்லு பண்ணி அவங்களையே ஜெயிக்க வைக்கிறான். ஜெயிச்ச பாட்டி சுத்திப் பார்க்கிறாங்க, ஒருத்தரும் கைதட்டல. காசு ஒரு சென் கூட அவங்ககிட்டேர்ந்து எடுக்கல. பேரை எடுத்துட்டான்.

கடைசி சீசன்ல இதையே பெரிசாப் பண்றாங்க. ஜிம்மியும் அவன் மனைவி கிம்மும் சேர்ந்து, ஹோவார்ட்னு ஒரு வக்கீலைப் போதைப் பித்தன்னு ஊரே நம்பும்படி பண்றாங்க. அந்த மனுஷன் பெரிய பாவம் எதுவும் பண்ணல. கொஞ்சம் பந்தா, அவ்வளவுதான். நியாயம் கேட்டு அவங்க வீட்டுக்கு வந்த ராத்திரி, அங்க வந்த ஒரு கொலைகாரன் கையால செத்துப் போறான். போதையில தற்கொலை பண்ணிக்கிட்டான்னு ஜோடிச்சு முடிச்சிடுறாங்க. அஞ்சலிக் கூட்டத்துல அவன் மனைவி ஷெரில், "அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது"ன்னு நிக்கிறாங்க. கிம் அவங்க முகத்தைப் பார்த்தே, நான் ஒரு தடவை கண்ணால பார்த்தேன்னு பொய் சொல்றா. தொடர்ல எத்தனையோ கொலை வருது. எனக்கு அதையெல்லாம் விடக் கொடூரமாப் பட்டது இதுதான்.

இனி நம்ம ஊருக்கு வர்றேன்.

தேயிலைத் தோட்டத்துல 30 வருஷத்துக்கு மேல கொழுந்து பறிச்ச ஒரு அக்கா. மூட்டு வலியோட ஓய்வு வாங்கினாங்க. ஓய்வு வாங்கினா தோட்டத்து வீட்டைக் காலி பண்ணணும், இது எல்லாருக்கும் தெரியும். கையில இருந்தது சேமநிதிப் பணம் மட்டும்தான். ரிங்லட் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டலாம்னு இருந்தாங்க. அப்பதான் நம்ம தம்பி ஒருத்தன் வந்தான். பேரு வேணாம். இதே லயத்துல பிறந்து, இதே கோயில்ல பந்தி பரிமாறினவன். மொதல்ல கூட்டு நடத்தினான். (தெரியாதவங்களுக்கு ஒரு வரி: கூட்டு நடத்துறதை 1971-லேயே இந்த நாட்டுல சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க. அந்தச் சட்டத்தோட பேர்லயே நம்ம 'கூட்டு'ங்கிற சொல்தான் இருக்கு. பெருமைப்படுற விஷயமான்னு நீங்களே சொல்லுங்க.) ஒரு வருஷம் சென் குறையாமத் திருப்பிக் கொடுத்தான். அந்த ஒரு வருஷ நாணயம்தான் அவனோட முதலீடு. அப்புறம் தங்கத் திட்டம்னு ஒண்ணு கொண்டாந்தான், மாசா மாசம் லாபம். அக்கா 22,000 வெள்ளி கொடுத்தாங்க. அஞ்சு மாசம் ஒழுங்கா வந்துச்சு, பின்னால சேர்ந்தவங்க பணத்தைத்தான் முன்னால சேர்ந்தவங்களுக்குக் கொடுத்திருக்கான். ஆறாவது மாசம் போனும் இல்ல, ஆளும் இல்ல. 1980-கள்ல தைப்பிங்ல பாக் மான் தெலோ பண்ணினதும் இதே கணக்குதான். அன்னைக்கு அதைப் பேசிப் பேசிச் சிரிச்சவங்க வீட்டுப் பிள்ளைங்களே இன்னைக்கு மாட்டிக்கிட்டாங்க.

போன்ல வந்து ஏமாத்துறவனுக்காவது 2022 அக்டோபர்லேர்ந்து 997 நம்பர் இருக்கு. பணம் போன உடனே அடிங்க, அடுத்த நாள்னு இருக்காதீங்க. வீட்டுக்குள்ள வந்து, டீ குடிச்சு, "அக்கா, உடம்பு எப்படி இருக்கு"ன்னு கேட்டுட்டு ஏமாத்துறவனுக்கு எந்த நம்பர்?

போலீஸ்ல ரிப்போர்ட் போட்டாங்க. இந்த நாட்டுச் சட்டத்துல மோசடிக்குப் பிரிவு 420 இன்னும் அதே நம்பர்தான். இந்தியாவுல 2024 ஜூலைலேர்ந்து 318 ஆயிடுச்சு. இங்க 1 வருஷத்துலேர்ந்து 10 வருஷம் வரை சிறை, பிரம்படி, அபராதமும் உண்டு. ஆனா அக்கா கையில எழுத்துல ஒண்ணும் இல்ல. அதை விட, நம்ம ஆளுங்க பேசின பேச்சு. "பேராசை பெரு நஷ்டம்." "ஏமாறுறவன் இருக்கிற வரைக்கும் ஏமாத்துறவன் இருப்பான்." பணம் போட்டவங்க பல பேர் வெளியவே சொல்லல. அக்கா ஒருத்தங்கதான் ரிப்போர்ட் போட்டாங்க, அதனால ஊர் வாய்க்கும் அவங்கதான் மாட்டினாங்க. வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன் வரிசையில உட்காருறவங்க, தூண் மறைவுக்குப் போயிட்டாங்க. விபூதி வாங்க வரிசைகட்டி நிக்கும்போது ஒருத்தி, "அக்கா, லாபம் வந்துச்சா?"ன்னு சிரிச்சதை நான் காதால கேட்டேன். அப்பதான் எனக்கு ஐரீன் பாட்டியோட பிங்கோ ஞாபகம் வந்துச்சு.

இந்த வருஷம் அவன் திரும்ப வந்தான். காரு இல்ல, மெலிஞ்சிருந்தான். திருவிழாவுல அஞ்சாம் நாள் உபயம் நான் எடுத்துக்கிறேன், முழுச் செலவும் என்னோடதுன்னு நிர்வாகத்துக்கிட்ட சொல்லியிருக்கான். "மேல இருந்தவன் என்னையும்தான் ஏமாத்திட்டான்ணே, நானும் ஏமாந்தவன்தான்"னு ஒரு கண்ணீர். நிர்வாகம் ரெண்டாப் பிரிஞ்சது. சாமிக்குக் கொடுக்கிறதை வேணாம்னு சொல்ல நாம யாருன்னு ஒரு பக்கம். அது யார் வீட்டுக் காசுன்னு இன்னொரு பக்கம்.

அந்தக் கூட்டத்துல நான் பேசினப்ப சோல் கதையைத்தான் சொன்னேன். சில பேர் சிரிச்சாங்க, பரவாயில்ல. கடைசி எபிசோடுல சோல் பிடிபடுறான். அதுக்கு முன்னாடி ஒமாஹாவுல வேற பேர்ல ஒளிஞ்சிருந்தப்ப, மேரியன்னு ஒரு வயசான அம்மா கம்ப்யூட்டர்ல தேடி அவன் யாருன்னு கண்டுபிடிச்சிடுறாங்க. அந்த அம்மாவை நோக்கி இவன் டெலிபோன் வயரைக் கையில சுத்திக்கிட்டு வருவான் பாருங்க, அங்க நம்ம சிரிப்பு நின்னுடும். பிடிபட்டதும் அரசாங்க வக்கீல்கள் முன்னால ஒரு அழுகைக் கதை விடுறான்: என்னைக் கடத்தினாங்க, மிரட்டினாங்க, நானும் பாதிக்கப்பட்டவன். பாதி உண்மைதான், அதுதான் அதுல விஷமே. புருஷனை இழந்த மரீங்கிற பெண் எதிர்லயே உட்கார்ந்திருக்காங்க. கதையால தண்டனை 7 வருஷமாக் குறையுது. மேல வெள்ளிக்கிழமை தோறும் ஐஸ்கிரீம் வேணும்னு வேற கேட்கிறான்!

ஆனா கிம் அதுக்குள்ள ஷெரில் வீட்டுக்குப் போய், நடந்ததை முழுசா எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டா. வழக்கு இல்ல, போலீஸ் துரத்தல, யாரும் கேட்கவும் இல்ல. செத்தவன் பேரை அவன் மனைவிகிட்டத் திருப்பிக் கொடுத்தா, அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ல உட்கார்ந்து அழுவா பாருங்க, இந்தத் தொடர்ல நான் அசந்த இடம் அது. சோலுக்கு அது தெரிய வந்த பிறகுதான் கோர்ட்டுல எழுந்து உண்மையைச் சொல்றான். 7 வருஷம் 86 வருஷமாகுது. சோல்னு கூப்பிட்ட நீதிபதிகிட்ட, என் பேரு ஜேம்ஸ் மெக்கில்னு சொல்றான். அவன் கிம் பார்க்கணும்னுதானே பண்ணினான், அதுவும் ஒரு நடிப்புதானேன்னு கேட்கிறவங்க உண்டு. இருக்கலாம். ஐரீன் பாட்டி விஷயத்துல மைக் தெரியாம ஆன் ஆயிடுச்சுங்கிற மாதிரி நாடகம் போட்டுத்தான் உண்மையைச் சொன்னான். ஆனா அந்த நாடகத்துக்கு அப்புறம் பாட்டிக்குத் தோழிங்க திரும்பக் கிடைச்சாங்க. எனக்கு அந்தக் கணக்குதான் முக்கியம்.

நான் கூட்டத்துல சொன்னது இதுதான். உபயக்காரருக்கு மாலை போடுவோம். ஒலிபெருக்கியில பேரைச் சொல்லுவோம். அந்த ஒலிபெருக்கி அக்கா வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும். அவன் பேரை நாம கழுவிக் கொடுத்துடுவோம், அக்கா பேரு தூண் மறைவுலேயே கிடக்கும்.

தலைவர் யோசிச்சு, மொதல்ல அக்காவைப் போய்ப் பாருன்னு அவனை அனுப்பினார். நானும் கூடப் போனேன். கால்ல விழப் போனான். அக்கா நகர்ந்துக்கிட்டாங்க. "காசைச் சிறுகச் சிறுகக் கொடு, எழுதிக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் எல்லாரும் இருக்கும்போது எந்திரிச்சு நின்னு சொல்லு. அக்கா பேராசைப்படல, வீட்டுக்குத்தான் கேட்டாங்க, நான்தான் ரெட்டிப்பாக்கித் தர்றேன்னு மூணு தடவை வீடு தேடி வந்தேன்னு சொல்லு." தலையாட்டினான். "நீங்களே மைக்ல சொல்லிடுங்களேண்ணே"ன்னு வெளிய வந்து என்கிட்டக் கேட்டான். முடியாதுன்னுட்டேன்.

ரெண்டு வெள்ளிக்கிழமை போயிடுச்சு. மொத வாரம் வரல. போன வாரம் வந்து வெளிய செருப்பு விடுற இடத்துல நின்னான், தீபாராதனை முடியிறதுக்குள்ள போயிட்டான். அக்கா ரெண்டு வாரமும் முன் வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. திருவிழா நோட்டீஸ் அடுத்த புதன்கிழமை அச்சுக்குப் போகுது. அஞ்சாம் நாள் உபயம்னு போட்ட இடத்துல இன்னும் பேரு எழுதல.